எடுத்து வைத்த பேக்கப் திரும்ப வருமா?

திருப்பூரில் பெருமாநல்லூர் சாலையை ஒட்டிய ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் காலையில் கம்ப்யூட்டர் ஒன்று ஆன் ஆகவில்லை. பார்ப்பதற்கு என்னை அழைத்திருந்தார்கள். மூடியைக் கழற்றி மின்சாரம் கொடுத்தபோது, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பல்லி கத்துவது போல ‘டிக், டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. அந்த ஓசையைக் கேட்ட பிறகு அந்த டிஸ்க்கில் என்னைப் போன்றவர்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் கணக்காளர் பதறவில்லை. “தினமும் ராத்திரி பேக்கப் ஓடிட்டுத்தானுங்க இருக்குது, எல்லாம் அந்த டிஸ்க்குல பத்திரமா இருக்குதுங்க” என்று சொல்லி, கம்ப்யூட்டரின் பக்கத்தில் இருந்த கறுப்பு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார்.

அதில் முந்தைய இரவின் தேதியோடு ஃபோல்டர் இருந்தது. ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று பேக்கப் மென்பொருள் நாள்தோறும் அனுப்பிய மின்னஞ்சல்களும் இருந்தன. என் லேப்டாப்பில் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தபோது, கடைசி வவுச்சர், அதாவது கடைசிக் கணக்குப் பதிவு, மார்ச் 31-ஆம் தேதியோடு நின்றுவிட்டிருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில், டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கைப் பிரித்துப் புதிய நிதியாண்டுக்குத் தனிக் ‘கம்பெனி’யாக, அதாவது தனிக் கணக்குத் தொகுப்பாக, அமைத்திருக்கிறார்கள். டேலி அதற்குப் புதிய எண்ணில் ஒரு ஃபோல்டரை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. பேக்கப் மென்பொருளுக்கோ பழைய எண் கொண்ட ஃபோல்டரை நகலெடுக்கும்படிதான் கட்டளை. ஆறு மாதங்களாக, ஒரு நாளும் தவறாமல், ஓர் எழுத்துகூட மாறாத பழைய கணக்கை அது நகலெடுத்து வைத்திருந்தது. மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. அந்தக் கட்டளையை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு ஆண்டுகளாகத் திரும்பிப் பார்க்காதவன் நான்தான்.

ஆடிட்டர் அலுவலகத்தில் ஜூலை முடிவில் எடுத்துச் சென்ற நகல் ஒன்று கிடைத்தது. அதற்குப் பிந்தைய மாதங்களை, ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றியிருந்த விற்பனை விவரங்கள், வங்கி ஸ்டேட்மெண்ட், பில் புத்தகங்கள் ஆகியவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று பேர் பதினொரு நாள் உட்கார்ந்து மறுபடியும் பதிவு செய்தார்கள். பேக்கப் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அன்று முதல் நான் நகலெடுப்பதிலிருந்து விளக்கத் தொடங்குவதில்லை. மூலம் முற்றிலும் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, வேறொரு கம்ப்யூட்டரில் அந்த நகலை மட்டும் கொண்டு வேலையைத் தொடர முடிந்தால்தான் அதற்குப் பேக்கப் என்று பெயர் என்பதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லா விதிகளும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவையே.

எதை நகலெடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான முதலாளிகள் சொல்லும் பதில் ‘டேலி’ என்ற ஒரே சொல். கணக்கு முக்கியம்தான், ஆனால் அலுவலகத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தால் வேறு பலவும் கண்ணில் படும். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் கம்ப்யூட்டரில், ஆடைகளை வாங்கும் பையர் அனுப்பிய டெக் பேக்குகளும் (ஆடையின் வடிவமைப்பு விவரங்கள்) அளவுப் பட்டியல்களும் பெரும்பாலும் டெஸ்க்டாப்பிலேயே, ‘நியூ ஃபோல்டர் 3’ போன்ற பெயரில் கிடக்கும். எம்பிராய்டரி பிரிவில் மெஷினுக்குப் போகும் டிஎஸ்டி கோப்புகளை மட்டும் காப்பாற்றி வைத்திருப்பார்கள். அதை வைத்துத் தையலை ஓட்டலாம். ஆனால் டிசைனைத் திருத்தவும் அளவை ஒழுங்காக மாற்றவும் பஞ்சிங் செய்த, அதாவது டிசைனைத் தையலாக மாற்றி அமைத்த, மூலமான இஎம்பி கோப்பு வேண்டும். அது டிசைனரின் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். ஆள் வருகையைப் பதிவு செய்யும் பயோமெட்ரிக் கருவியின் தரவு யாருக்கும் நினைவுக்கே வராத ஒரு மூலையில் இருக்கும். சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்தில்தான் அதன் அருமை தெரியும்.

மின்னஞ்சலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏற்றுமதி அலுவலகங்களில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். அவுட்லுக்கில் பாப் முறையில் மின்னஞ்சல் அமைக்கப்பட்டிருந்தால், சர்வரிலிருந்து இறங்கும் மின்னஞ்சல்கள் அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள பிஎஸ்டி என்ற ஒரே கோப்பில் போய்ச் சேரும். சர்வரில் நகலை விட்டுவைக்கும்படி சொல்லியிருந்தால் ஒழிய, பையரோடு பத்து ஆண்டுகள் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் அந்த ஒரு கோப்புக்குள்தான் இருக்கும். அவுட்லுக் திறந்திருக்கும்போது அந்தக் கோப்பைச் சாதாரண முறையில் நகலெடுக்க முடியாது. மூடிவிட்டு நகலெடுத்தாலும், ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பை ஏற்காது. ‘கோப்பு மிகப் பெரியது’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும், பார்த்தால் பென் டிரைவில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். அந்த டிரைவை என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

டேலியிலும் இதுபோல ஒன்று உண்டு. யாரோ ஒருவர் பதிவு செய்துகொண்டிருக்கும்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால், சில கோப்புகள் ஒரு நிமிடத்துக்கு முந்தையவையாகவும் சில பிந்தையவையாகவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். எல்லோரும் வெளியேறிய பிறகு, அந்த மென்பொருளிலேயே இருக்கும் பேக்கப் வசதியைப் பயன்படுத்துவது நல்லது. நகலெடுக்கவே முடியாத பொருளும் ஒன்று இருக்கிறது: டிஜிட்டல் கையொப்பம் உள்ள, பென் டிரைவ் போன்ற டோக்கன். அதன் ரகசியச் சாவி டோக்கனை விட்டு வெளியே வராதபடியே அமைக்கப்பட்டிருக்கிறது. அது தொலைந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

எத்தனை நகல், எங்கே?

உலகம் முழுவதும் சொல்லப்படும் 3-2-1 என்ற கணக்கைப் பரவலாக்கியவர் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள். அவை குறைந்தது இரண்டு வகை ஊடகங்களில். அவற்றில் ஒன்று வேறு இடத்தில். படம் எடுப்பவருக்கு ஒரு டிஸ்க் போனால் ஒரு கல்யாணமே போய்விடும் என்பதால் அவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. பையருக்குச் சாம்பிள் அனுப்பும்போது அதே துணியில், அதே தையலில் கவுண்டர் சாம்பிள் ஒன்றை அலுவலகத்தில் பூட்டி வைக்காத மெர்ச்சண்டைசர் இருக்க மாட்டார். அந்தக் கவுண்டர் சாம்பிளை, அனுப்புகிற அதே பார்சலுக்குள் வைத்துக் கூரியரில் போட்டால் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டரோடு நிரந்தரமாகச் செருகி வைத்த எக்ஸ்டர்னல் டிஸ்க் அப்படிப்பட்டதுதான். ஐப்பசி மழையில் இடி இறங்கினாலும், திருடன் வந்தாலும், நொய்யல் வெள்ளம் தரைத்தளத்துக்குள் நுழைந்தாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். ‘வேறு இடம்’ என்று சொன்னதும் பலர் வீட்டைச் சொல்வார்கள். கொங்கு நாட்டில் வீடும் கம்பெனியும் ஒரே காம்பவுண்டுக்குள், சில சமயம் ஒரே கட்டடத்தின் மேல்மாடியும் கீழ்த்தளமுமாக இருப்பது வழக்கம். அதை வேறு இடம் என்று கணக்கில் கொள்ள முடியாது. ஈரோட்டில் உள்ள சம்பந்தி வீடோ கோயம்புத்தூர்க் கிளை அலுவலகமோ வேறு இடம்தான். இணையவழிச் சேமிப்பும் வேறு இடம்தான்.

வெளியே போகிற டிஸ்க்கில் சம்பளப் பட்டியலும் வங்கி விவரங்களும் இருக்கும் என்பதால் அதைப் பூட்டி அனுப்ப வேண்டும். விண்டோஸ் ப்ரோ பதிப்பில் உள்ள பிட்லாக்கர் இதற்குப் போதும். அது தரும் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு, நகைக்கடன் ரசீதும் பத்திரமும் இருக்கும் பீரோவில் வைத்துவிடுங்கள். அந்தச் சாவியை அதே கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்த ஓர் அலுவலகத்தையும் பார்த்திருக்கிறேன்.

நிரந்தரமாகச் செருகி வைக்கக் கூடாது என்பதற்கு இடியை விடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற பணயத் தீநிரல், 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இவ்வகைத் தீநிரல்கள் சி டிரைவோடு நிற்பதில்லை. செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க், நெட்வொர்க்கில் எழுத அனுமதியுள்ள ஷேர் ஃபோல்டர்கள் என அந்தக் கம்ப்யூட்டரால் எழுத முடிகிற எல்லா இடத்தையும் பூட்டிவிடும். ஆகவே குறைந்தது ஒரு பிரதி எந்தக் கேபிளிலும் இல்லாமல் அலமாரியில் இருக்க வேண்டும். இரண்டு டிஸ்க்குகளை வாங்கி, ஒன்று அலுவலகத்திலும் மற்றொன்று வெளியிலுமாக வாரம் ஒரு முறை மாற்றிக்கொண்டால் இந்தத் தேவையும் ‘வேறு இடம்’ என்ற தேவையும் ஒரே செலவில் நிறைவேறும்.

‘எங்கள் ஃபோல்டர் எல்லாம் கூகுள் டிரைவில் தானாக ஏறிவிடுகிறது, பிறகு எதற்கு இது?’ என்ற கேள்வி அடுத்து வரும். தானாக ஏறுவது ஒத்திசைவு, பேக்கப் வேறு. இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அது அழியும், இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் மட்டுமே அது காத்திருக்கும். அலுவலகக் கணக்கிலான ஒன்டிரைவில் வழக்கமாக 93 நாள். மார்ச்சில் தவறுதலாக அழித்த ஒரு ஃபோல்டரைத் தேடுவது தீபாவளிக்குப் பிறகுதான் என்றால் இரண்டிலும் கிடைக்காது.

ஒத்திசைவின் ஆபத்தை உலகுக்குக் காட்டியது மெர்ஸ்க் நிறுவனத்துக்கு நேர்ந்த கதை. உலகக் கண்டெய்னர் போக்குவரத்தில் முன்னணியில் இருக்கும் அந்த டென்மார்க் நிறுவனத்தை 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியது. அதன் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வர்கள் பல நாடுகளில் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில் ஒன்றையொன்று பார்த்துத் தம்மைப் புதுப்பித்துக்கொண்டும் இருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தபோது அந்த ஏற்பாட்டால் பயன் ஏதும் இல்லை. கடைசியில் ஆப்பிரிக்காவின் கானாவில் ஒரே ஒரு சர்வர் பிழைத்திருந்தது தெரியவந்தது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்சாரம் நின்று அது இணைப்பில் இல்லாமல் போயிருந்ததே காரணம். அந்தத் தரவை ஆள் மூலம் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து மீட்டார்கள். 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டை இன்னும் மறக்காத நம் ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இணைப்பில் இல்லாத ஒரு பிரதி என்பதன் பொருளை இதை விடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க்குகளை வைத்து இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு அமைப்பும் இந்த வகைதான். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது, அவ்வளவே.

எவ்வளவு அடிக்கடி, எத்தனை காலம்?

இடைவெளியை முடிவு செய்யும் வழி எளிது: எத்தனை மணி நேர வேலையைத் திரும்பச் செய்யத் தயாராக இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாளுக்குப் பத்து வவுச்சர் போடும் அலுவலகத்துக்கு இரவில் ஒரு முறை போதும். ஷிப்மெண்ட் நெருங்கும் வாரத்தில் பேக்கிங் லிஸ்ட்டும் இன்வாய்ஸும் மணிக்கு மணி மாறும் அலுவலகத்துக்கு நண்பகலில் ஒரு முறையும் வேண்டும்.

மீட்க எவ்வளவு நேரமாகும் என்பது இதற்குச் சமமான முக்கியத்துவம் உள்ள கேள்வி. ஆனால் யாரும் கேட்பதில்லை. 500 ஜிபி தரவை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டுமானால், வேகம் ஒரு கணமும் குறையாவிட்டாலும் 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இறக்க 11 மணி நேரம் ஆகும். எனவே இணையப் பிரதி பேரிடருக்கு. அன்றாட விபத்துக்குப் பக்கத்து அலமாரியில் உள்ள டிஸ்க். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

நாள்தோறும் எல்லாவற்றையும் நகலெடுப்பது நேரத்தை விழுங்கும் என்பதால், வாரம் ஒரு முறை முழு நகலும் மற்ற நாட்களில் முந்தைய நகலுக்குப் பின் மாறியவை மட்டுமான நகலும் எடுப்பது வழக்கம். சனிக்கிழமை சம்பளம் முடிந்து ஆட்கள் கிளம்பிய பிறகு முழு நகலை ஓடவிட்டால் ஞாயிறு முழுவதும் அதற்கு நேரம் கிடைக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மாறியவை மட்டுமான நகல்கள் சங்கிலி போன்றவை. வியாழக்கிழமை நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் சனிக்கிழமை நகலும் இடைப்பட்ட நாட்களின் நகல்களும் பழுதில்லாமல் இருக்க வேண்டும்.

ஒரே நகலின் மீது தினமும் எழுதுவது பெரிய தவறு. மூன்று வாரங்களுக்கு முன் கெட்டுப்போன ஓர் எக்ஸெல் கோப்பை இன்றுதான் கண்டுபிடித்தீர்கள் என்றால், இருபது இரவுகளாகக் கெட்ட கோப்புதான் நகலாகியிருக்கும். இதற்காகவே தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக நகல்களை வைத்திருக்கும் பழைய முறை ஒன்று உண்டு. தினசரி நகல்கள் ஒரு வாரத்துக்கும், வார நகல்கள் ஒரு மாதத்துக்கும், மாத நகல்கள் ஓர் ஆண்டுக்கும் இருக்கும். நிதியாண்டு முடிவு நகலை இந்தச் சுழற்சியில் சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனமாக இருந்தால் எட்டு நிதியாண்டுகள். அத்துடன், 2022 ஆகஸ்ட் முதல், மின்னணுக் கணக்குகளின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. திருப்பூரில் ‘கம்பெனி’ என்று அழைக்கப்படும் பலவும் கூட்டு வணிகமோ தனியுரிமை வணிகமோதான் என்பதால் இந்தக் கம்பெனிச் சட்ட விதிகள் அவற்றுக்குப் பொருந்தா. ஆனால் ஜிஎஸ்டி விதி பொருந்தும்.

திறந்து பார்ப்பது

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறொரு சர்வர் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன; அந்த நேரத்தில் ஒன்றுகூட ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. அவற்றில் ஒன்று மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் நாள்தோறும் தோல்வியடைந்துகொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதியால் தப்பினார்கள். நடந்ததை ஒளிக்காமல் பொதுவில் எழுதியதால் நமக்கெல்லாம் அது பாடப் புத்தகமாயிற்று. அத்தனை பொறியாளர்கள் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், ஆயுத பூஜைக்குத் துடைத்துச் சந்தனம் வைப்பதற்காகக் கழற்றிய டிஸ்க்கின் கேபிளை மறுபடி மாட்ட மறந்து, கார்த்திகை தீபம் வரை யாரும் கவனிக்காத ஓர் அலுவலகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

மீட்டுப் பார்க்கும் சோதனை அரை மணி நேர வேலை. வேறொரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நகலை அதில் புதிதாக உருவாக்கிய ஒரு காலி ஃபோல்டரில் மீட்டெடுங்கள். நடப்புக் கணக்கு இருக்கும் ஃபோல்டரின் மேல் ஒருபோதும் மீட்கக் கூடாது, ஏனெனில் பழைய நகல் இன்றைய கணக்கை அழித்து அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு கடைசி வவுச்சரின் எண்ணையும் தேதியையும் பாருங்கள். பற்று, வரவு மொத்தங்களைக் காட்டும் டிரையல் பேலன்ஸ் தொகையை மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு டிசைன் கோப்பையும் ஒரு பழைய மின்னஞ்சலையும் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் பட்டியலில் இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைவது, மூட்டை எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று பஞ்சின் தரத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். உலக பேக்கப் நாள் என்று மார்ச் 31-ஐக் குறித்திருக்கிறார்கள். நம் நாட்டில் அன்று கணக்குப் பிரிவில் தண்ணீர் குடிக்கக்கூட நேரமிருக்காது. ஏப்ரலில், புதிய நிதியாண்டுக் கணக்கு தொடங்கிய முதல் வாரத்தில் இதைச் செய்வது நம் ஊருக்குப் பொருத்தம். அப்படிச் செய்திருந்தால் முதலில் சொன்ன பதினொரு நாள் வேலை வந்திருக்காது.

அந்தக் கம்பெனியில் இப்போது கணக்குப் பிரிவின் சுவரில் ஒரு நீள நோட்டு தொங்குகிறது. தேதி, மூலத்தில் கடைசி வவுச்சர் எண், நகலில் கடைசி வவுச்சர் எண், கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். மூன்றாவது கட்டத்தை நகலைத் திறந்து பார்த்துத்தான் நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கணக்காளர் அண்ணன் அதை வாரம் ஒரு முறை செய்கிறார். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு வாரம் இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை; 214 என்று இருக்க வேண்டிய இடத்தில் 187 இருந்தது. அன்று மாலையே என்னைக் கூப்பிட்டார். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எழுத முடியாத பகுதிகள் உருவாகியிருந்தன. மறுநாள் புதிய டிஸ்க்கை மாட்டி, அன்றிரவே முழு நகலை ஓடவிட்டோம்.